மூடுவண்டிக் கருணை

பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனைத் திட்டுவதற்கு ஆள் நிறைய உண்டு. எழுத்தாளர் விக்தோர் யூகோ ஒருவரே போதும். நாட்டை விட்டு ஓடிப்போய், போன இடத்தில் உட்கார்ந்துகொண்டு புத்தகம் புத்தகமாகத் திட்டித் தீர்த்திருக்கிறார். ஆகவே ஒரு மாறுதலுக்கு நான் அவரைப் பாராட்டலாம் என்றிருக்கிறேன். ஓவியக் கண்காட்சிக்குப் போகிற ஆட்சியாளர்கள் பொதுவாக நாடாவை வெட்டுவார்கள், படத்துக்கு முதுகைக் காட்டிப் புகைப்படத்துக்கு நிற்பார்கள், போய்விடுவார்கள். இவர் படத்தைப் பார்த்தார். பார்த்துக் கலங்கினார். கலங்கிய சூட்டோடு ஏழைகளுக்கு வண்டி விட்டார்.

என்ன வண்டி என்று அப்புறம் சொல்கிறேன். முதலில் படம்.

வரைந்தவர் ஆல்ஃபிரட் ஸ்டீவன்ஸ். 1823-இல் பிரஸ்ஸல்ஸில் பிறந்து, பாரிஸில் பிழைப்பைத் தேடிக்கொண்ட பெல்ஜியக்காரர். 1854-இல் வரைந்த இந்தப் படம் நாலடிக்கு மேல் உயரம், ஐந்தடிக்கு மேல் அகலம். பனி விழுந்த பாரிஸ் தெரு. நீளமாக ஒரு சாம்பல் நிறச் சுவர். சுவர் ஓரமாக ஒரு பெண்ணைச் சிப்பாய்கள் நடத்திக்கொண்டு போகிறார்கள். அவள் கந்தலும் பிள்ளைகளுமாக நடக்கிறாள். அவர்கள் துப்பாக்கியும் விறைப்புமாக. ஒரு தாயையும் அவள் பெற்றதுகளையும் அடக்குவதற்கு அரசாங்கம் அத்தனை துப்பாக்கி அனுப்பியிருக்கிறது. எதிரே வந்த சீமாட்டி மனம் பொறுக்காமல் காசு கொடுக்கக் கை நீட்டுகிறாள். சிப்பாய் கையைக் காட்டி அவளை விலக்குகிறான். பக்கத்தில் ஊனமுற்ற முதிய தொழிலாளி ஒருவர். அவரும் ஏதோ பரிந்து பேச வந்து, பேச்சு எடுபடாமல் ஒதுங்கிவிட்டார்.

சுவரைப் பாருங்கள். சுவரொட்டிகள். ஒன்று சொத்து ஏலத்தை அறிவிக்கிறது. இன்னொன்று நடனக் கேளிக்கையை. வீடு விற்பனைக்கு இருக்கிறது, ஆட்டத்துக்கு மண்டபம் இருக்கிறது. வீடில்லாதவள் இரண்டுக்கும் கீழே ஜெயிலுக்கு நடந்து போகிறாள். ஓஸ்மான் பாரிஸின் ஆட்சித் தலைவராகப் பதவியேற்று, பழைய வீடுகளை இடித்து அகலச் சாலை போடத் தொடங்கிய காலம் அது. 1853-இல் வந்தார், அடுத்த வருடம் இந்தப் படம். ஏலச் சுவரொட்டிக்கு ஊரில் பஞ்சமே இல்லை. ஸ்டீவன்ஸ் அதை வரைந்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார்.

அவள் செய்த குற்றம் என்ன? 1810-ஆம் வருடத்துக் குற்றவியல் சட்டம் சொல்கிறது. முதலாம் நெப்போலியன் காலத்துச் சட்டம். அதாவது நம் கதாநாயகரின் பெரியப்பா போட்டது. பிரிவு 269 ஒரே வரி: அலைந்து திரிவது குற்றம். யார் அலைந்து திரிகிறவர் என்று பிரிவு 270 விளக்குகிறது: நிலையான இருப்பிடம் இல்லாதவர், பிழைக்க வழி இல்லாதவர், வழக்கமாகச் செய்யும் தொழில் இல்லாதவர். மூன்று 'இல்லை' சேர்ந்தால் ஒரு 'உண்டு': சிறை உண்டு. மூன்று மாதம் முதல் ஆறு மாதம் வரை, பிரிவு 271.

இந்தச் சட்டத்தின் அழகே தனி. திருடனைத் தண்டிக்கத் திருட்டுப் பொருளைக் காட்ட வேண்டும். கொலைகாரனுக்குப் பிணத்தைக் காட்ட வேண்டும். இந்தக் குற்றத்துக்கு மட்டும் ஒன்றும் இல்லாததே சாட்சி. மடியை உதறச் சொல்லி, காலியாக இருந்தால் தடயம் கிடைத்துவிட்டது. வீடில்லாத குற்றத்துக்குத் தண்டனையாகக் கூரை போட்ட அறை. சாப்பாடில்லாத குற்றத்துக்குத் தண்டனையாகச் சாப்பாடு. வெளியே இருக்கும்போது கொடுத்திருந்தால் உதவி என்று பெயர் வந்திருக்கும். அந்தக் கெட்ட பெயர் வரக் கூடாது என்று பூட்டிவைத்துக் கொடுத்தார்கள்.

படத்துக்கு ஸ்டீவன்ஸ் வைத்த தலைப்பு: 'அலைந்து திரிதல் எனப்படுவது'. வள்ளுவர் 'எனப்படுவது' என்று ஆரம்பித்தால் ஒன்றுக்குப் பொருள் சொல்லப் போகிறார் என்று தெரியும். ஸ்டீவன்ஸ் அதே சொல்லை வைத்துச் சட்டம் சொன்ன பொருளைக் கவிழ்த்துவிட்டார். நீங்கள் குற்றம் என்று பெயர் வைத்திருக்கிறீர்களே, அதன் முகம் இதுதான், பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறது படம்.

பார்க்க வந்தார் பேரரசர். 1855, பாரிஸ் உலகக் கண்காட்சி. மே மாதம் தொடங்கி நவம்பர் வரை நடந்தது. ஐம்பது லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். விக்டோரியா மகாராணியே ஆகஸ்டில் வந்து போனார். வீட்டுக்கு விருந்தாளி வரும்போது அழுக்குத் துணியை அள்ளிக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவோமே, ஊரே அந்த மும்முரத்தில் இருந்தது. அந்த நேரம் பார்த்து இந்தப் பெல்ஜியக்காரர் அழுக்குத் துணியைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டிவைத்தார்.

பேரரசரைச் சாதாரணப் பார்வையாளர் என்று நினைத்துவிடாதீர்கள். வறுமையைப் பற்றிப் புத்தகமே எழுதியவர். 'வறுமை ஒழிப்பு' என்பது புத்தகத்தின் பெயர், 1844-இல் வந்தது. எழுதிய இடம் சிறை. அரியணையைப் பிடிக்க முயன்று தோற்று ஒரு கோட்டையில் அடைபட்டுக் கிடந்தபோது எழுதினார். கோட்டை இருந்த ஊரின் பெயர் ஆம். பொருத்தமான பெயர்தான், பின்னால் 1851 டிசம்பரில் படையை இறக்கி ஆட்சியைப் பிடித்து, பாரிஸ் தெருக்களில் சுட்டுத் தள்ளி, 'சம்மதமா?' என்று அதே மாதம் வாக்கெடுப்பு வைத்தபோது எழுபது லட்சம் பேருக்கு மேல் ஆம் என்றுதான் போட்டார்கள்.

அந்தச் சிறையிலிருந்து அவர் தப்பிய விதம்தான் இந்தக் கதைக்கு மையம். 1846 மே மாதம். கோட்டையில் பழுது பார்க்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. இளவரசர் மீசையை எடுத்தார், தொழிலாளியின் அழுக்குச் சட்டையை மாட்டினார், ஒரு பலகையைத் தோளில் தூக்கிக்கொண்டு காவலர்களைக் கடந்து வாசல் வழியாகவே நடந்து போய்விட்டார். கூலியாள் முகத்தை யார் உற்றுப் பார்க்கிறார்கள்? ஏழை யார் கண்ணுக்கும் தெரியமாட்டான் என்பதை ஐரோப்பாவில் இவரைப் போலச் சொந்த உடம்பில் சோதித்துப் பார்த்த மன்னர் வேறு இல்லை. அந்தச் சோதனை அவருக்கு விடுதலை வாங்கித் தந்தது. 1855-இல் அதையே ஆணையாக்கினார்.

படம் இன்று பாரிஸின் ஓர்ஸே அருங்காட்சியகத்துக்குச் சொந்தம். நடந்ததை அந்த அருங்காட்சியகமே சொல்கிறது. படத்தைப் பார்த்த பேரரசர் அதிர்ந்துபோனார். இது இனி நடக்கக் கூடாது என்றார். உத்தரவும் போட்டார். இனிமேல் வீடற்றவர்களைச் சிப்பாய்கள் தெருவில் நடத்திக்கொண்டு போகக் கூடாது. மூடிய வண்டியில் ஏற்றி, யார் கண்ணிலும் படாமல், கோன்சியர்ஜரி சிறைக்குக் கொண்டுபோக வேண்டும்.

இதுதான் நான் சொன்ன வண்டி.

கோன்சியர்ஜரி என்ற பெயர் எங்கேயோ கேட்டதாக இருக்கிறதா? மரி அந்த்வானெத் ராணி கடைசி நாட்களைக் கழித்த சிறை. 1793-இல் அங்கிருந்து ராணியைத் தலை வெட்டும் இடத்துக்குக் கொண்டுபோனது திறந்த வண்டியில். ஊர் முழுக்கப் பார்க்கட்டும் என்று. அறுபத்திரண்டு வருடம் கழித்துப் பிச்சைக்காரியைக் கொண்டுவந்தது மூடிய வண்டியில்; ஒருவரும் பார்க்க வேண்டாம் என்று. ராணியைக் காட்டத் துணிந்த ஊருக்குப் பிச்சைக்காரியைக் காட்டத் துணிச்சல் வரவில்லை.

இந்த உத்தரவால் விளைந்த நன்மைகளை நிர்வாகம் தெரிந்தவர்கள் ஒரு குறிப்பாகவே எழுதிவிடலாம். ஒன்று, பெண்ணின் கால் பனியில் நனையாது. ஜெயிலுக்குள் போய்த்தான் சில்லிடும். இரண்டு, சிப்பாயின் மானம் காப்பாற்றப்பட்டது. கைக்குழந்தைக்காரியின் மேல் துப்பாக்கி தூக்கினான் என்று ஓவியன் எவனும் இனி வரைய முடியாது. மூன்று, சீமாட்டி காசு நீட்டிச் சிப்பாயிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டாம்; இரக்கப்பட வாய்ப்பே கிடைக்காததால் அவள் நேராகக் கடைக்குப் போகலாம். நான்கு, முதிய தொழிலாளி மூச்சைச் செலவழித்துப் பரிந்து பேச வேண்டாம். ஐந்து, சுவரொட்டியை யாரும் மறைக்க மாட்டார்கள். ஏலம் நல்லபடியாக நடக்கும். ஆறு, ஓவியர்களுக்கும் ஒரு தொல்லை விட்டது.

மாறாதவை என்று பார்த்தால் அற்ப விஷயங்கள்தான். பிரிவு 269 மாறவில்லை. 270 மாறவில்லை. 271 மாறவில்லை. அவளுக்கு வீடு வரவில்லை, வேலை வரவில்லை, பால் வரவில்லை. முன்னால் நாலு பேர் பார்க்க ஜெயிலுக்குப் போனாள். இப்போது பலகைச் சுவருக்குள் இருட்டில் உட்கார்ந்து, எந்தத் தெரு என்றுகூடத் தெரியாமல் போகிறாள். வறுமை ஒழிப்பு என்று புத்தகம் எழுதியவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார். வறுமை ஒழிந்தது, வண்டிக்குள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். அது சோறு குறைவாக உள்ளவர்கள் கட்டிய பழமொழி. அரண்மனைச் சோற்றில் பூசணித் தோட்டத்தையே மறைக்கலாம்.

பேரரசருக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று. அடுத்த பாராட்டு ஓவியருக்கு.

ஸ்டீவன்ஸ் குடும்பத்தில் மூன்று சகோதரர்கள் கலைத் தொழிலில் இருந்தார்கள். தந்தை பட்டாளத்தில் இருந்தவர். தெலக்ரவாவின் நீர்வண்ண ஓவியங்களை வாங்கிச் சேர்த்தவர். அம்மாவின் பெற்றோர் பிரஸ்ஸல்ஸில் காபிக்கடை நடத்தினார்கள்; அரசியல்காரர்களும் எழுத்துக்காரர்களும் கூடுகிற கடை. மூத்தவர் ஜோசப் நாய்களை வரைந்தார். சும்மா சொல்லக் கூடாது, உயிருள்ள நாய்கள். மணல் வண்டியில் பூட்டப்பட்டு நாக்குத் தள்ளி இழுக்கும் பிரஸ்ஸல்ஸ் தெரு நாய்களை 1852-இல் வரைந்தார். பார்த்தவர்களுக்கு நெஞ்சு உருகும். போதலேர் அவருக்கு ஓர் உரைநடைக் கவிதையைக் காணிக்கையாக்கினார். ஜோசப் தன் உடம்பிலிருந்த அழகான மேல்சட்டையைக் கழற்றிக் கவிஞருக்குக் கொடுத்தார். நாய் பட்ட பாட்டுக்கு ஒரு கவிதையும் ஒரு சட்டையும் கைமாறின. மற்றொரு சகோதரர் ஆர்தர் படங்களை விற்றார்.

நடுவில் ஆல்ஃபிரட். வீடற்றவளை வரைந்தார், பேரரசரையே உலுக்கினார். அடுத்து என்ன வரைந்தார் என்று நினைக்கிறீர்கள்? ஜெயிலுக்குள் அவள் இருக்கும் நிலையையா? வண்டிக்குள் குழந்தை அழுவதையா? பட்டுப் பாவாடை வரைந்தார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பட்டுப் பாவாடை, ஜப்பான் விசிறி, சீனத் திரை, கண்ணாடி முன் நிற்கும் சீமாட்டி, கடிதம் படித்துப் பெருமூச்சு விடும் சீமாட்டி, நாய்க்குட்டியைக் கூட்டிக்கொண்டு வெளியே கிளம்பும் சீமாட்டி. 1854-ஆம் வருடப் படத்தில் ஓரமாக வந்து கையை மட்டும் நீட்டிய அந்தப் பெண்மணி சட்டகத்தின் நடுவுக்கு வந்து உட்கார்ந்துகொண்டாள். பிள்ளைக்காரி சட்டகத்தை விட்டே வெளியே போனாள். பேரரசர் ஏற்றியது மர வண்டியில். ஓவியர் இழுத்துவிட்டது பட்டுத் திரை. இரண்டுக்கும் வேலை ஒன்றே.

கூலியும் குறைவில்லாமல் கிடைத்தது. 1867-இல் பாரிஸில் அடுத்த உலகக் கண்காட்சி. ஸ்டீவன்ஸின் பதினெட்டுப் படங்கள் தொங்கின. முதல் வகுப்புப் பதக்கம். அரசு விருதான லெஜியன் ஆஃப் ஹானரில் பதவி உயர்வு. பன்னிரண்டு வருடத்துக்கு முன் அரசாங்கத்தின் மூஞ்சியில் பனியை அள்ளி வீசியவருக்கு அதே அரசாங்கம் மார்பில் பதக்கம் குத்தியது. ஒரு ஓவியரைத் திருத்துவதற்குச் சிறையைவிட மெத்தை நல்லது என்று அரசாங்கங்களுக்குத் தெரியும்.

அவர் தீட்டிய துணிகளில் பேர் போனது காஷ்மீர்ச் சால்வை. மாங்காய்க் கரை, சரிந்த மடிப்பு, வெளிச்சம் பட்ட நூல் என்று இழை இழையாகத் தீட்டுவார். அந்தக் காலத்தில் காஷ்மீர்ச் சால்வைக்குப் பெரிய சந்தை பிரான்ஸ்தான். அதை நெய்த கையைப் பார்க்க ஸ்ரீநகர் போக வேண்டும். சால்வைக்கு அரசாங்கம் போட்ட வரியில் நெசவாளி முதுகு ஒடிந்து கிடந்தான். 1865 ஏப்ரல் 29 அன்று நெசவாளர்கள் திரண்டு ஊர்வலம் போனார்கள். மகாராஜாவின் படை பாய்ந்தது. பாலத்தில் நெருக்குண்டு நீரில் விழுந்து இருபது பேருக்கு மேல் செத்தார்கள். அதே காலத்தில்தான் பாரிஸில் அந்தச் சால்வை தோளிலிருந்து எப்படி வழிகிறது என்று விமர்சகர்கள் மெய்மறந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். துணியை இவ்வளவு உண்மையாகத் தீட்டியதால்தான் இவரை உண்மைநிலை ஓவியர் என்கிறார்களோ என்னவோ. இழை ஒன்றுகூடத் தப்பவில்லை. நெய்தவன் மட்டும் தப்பிவிட்டான்.

பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டும் இவரிடம் படம் கேட்டார். நான்கு பருவங்கள், நான்கு பருவத்துக்கும் நான்கு சீமாட்டிகள். கேட்டவர் யார் என்று நினைவிருக்கட்டும். 1885-இல் காங்கோவைச் சொந்தச் சொத்தாக எழுதி வாங்கி, ரப்பர் அளவு குறைந்தால் ஆளின் கையை வெட்டுகிற ஆட்சியை நடத்திய மகானுபாவர். ஒரு தடவைகூட அந்த மண்ணை மிதித்ததில்லை. மூடுவண்டிக் கலையில் இவர் நெப்போலியனுக்கும் மேலே; ஒரு தேசத்தையே வண்டிக்குள் வைத்து மூடினார். மிஷனரிகள் எடுத்த புகைப்படங்கள் வெளியே வந்த பிறகுதான் வெட்டுப்பட்ட கைகளை ஐரோப்பா பார்த்தது. அதுவரை மன்னர் பருவங்களை ரசித்துக்கொண்டிருந்தார்.

ஸ்டீவன்ஸை ஒரேயடியாகச் சாடுவது நியாயமில்லை என்பீர்கள். வயிறு இருக்கிறது, குடும்பம் இருக்கிறது. ஒப்புக்கொள்கிறேன். காலமும் அவரைச் சும்மா விடவில்லை. 1875-இல் மார்த்தீர் தெருவில் தோட்டத்தோடு பெரிய வீடு வாங்கினார். 1880-இல் அந்த வழியே புதுத் தெரு போட வேண்டும் என்று வீட்டைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. போட்ட தெருவுக்கு என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? ஆல்ஃபிரட் ஸ்டீவன்ஸ் தெரு. வீட்டைப் பிடுங்கிக்கொண்டு பெயர்ப்பலகை கொடுத்தார்கள். 1854-இல் அவர் வரைந்த சுவரொட்டி இருபத்தாறு வருடம் தெருத் தெருவாகச் சுற்றி அவர் வாசலுக்கே வந்து சேர்ந்தது. கடைசிக் காலம் பணக் கஷ்டத்தில்தான் கழிந்தது. ஆனாலும் அவரை யாரும் மூடுவண்டியில் ஏற்றவில்லை. விலாசம் இருந்தது, பெயர் இருந்தது, பெயரில் தெருவே இருந்தது.

இன்னொரு பெல்ஜியக்காரர் இருந்தார். ஷார்ல் டி குரூ. ஸ்டீவன்ஸைவிட இரண்டு வயது இளையவர். இவருக்குப் பிழைக்கத் தெரியவில்லை. பாரிஸுக்குப் போய்ப் பட்டு வரையாமல் பிரஸ்ஸல்ஸ் சந்துகளிலேயே கிடந்து ஏழைகளையே வரைந்துகொண்டிருந்தார். குடிகாரன் வீட்டுக்கு வரும்போது உள்ளே மனைவி செத்துக் கிடக்கிறாள், சாப்பாட்டுக்கு முன் குடும்பம் ஜெபம் செய்கிறது, இப்படியே. அவருடைய படம் ஒன்றில் குளிர்காலத் தெருவில் காபிக்கொட்டை வறுக்கிறார்கள். ஏழைகள் கூடிவிட்டார்கள். காபி வாங்க அல்ல. வறுக்கிற நெருப்பில் குளிர் காய. கடைக்காரன் கொட்டைக்காக மூட்டிய தீ. இவர்களுக்கு அதன் ஓரத்தில் உள்ளங்கை அளவு சூடும் வாசனையும்.

நம் மரியாதை ராமன் கதையில், பலகாரக்கடை வாசனையில் சோற்றைத் தின்றவனிடம் கடைக்காரன் காசு கேட்பான். நீதிபதி காசைக் குலுக்கி, வாசனைக்குச் சத்தம் விலை என்று தீர்ப்புச் சொல்லி அனுப்புவார். பிரஸ்ஸல்ஸில் அப்படி நீதிபதி இல்லை. அங்கே தெருவில் கை நீட்டி நின்றால் போகிற இடம் லா காம்ப்ர் மடம். அந்தக் கிறிஸ்தவ மடத்துத் துறவிகளை வெளியேற்றிய பிறகு, 19-ஆம் நூற்றாண்டில் வெகு காலம் அதைப் பிச்சைக்காரர்களை அடைக்கும் கிடங்காக வைத்திருந்தார்கள். அடைக்க ஆளுக்குப் பஞ்சமில்லை. 1845-இல் உருளைக்கிழங்கில் நோய் விழுந்து பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதி பட்டினியில் செத்தது. பிழைத்தவர்கள் தெருவுக்கு வந்தார்கள். தெருவுக்கு வந்தவர்கள் குற்றவாளி ஆனார்கள்.

டி குரூ அவலட்சணத்தை வரைகிறார் என்று விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் உண்டு. சட்டத்தில் மாட்டுகிற ஏழைக்குச் சில தகுதிகள் வேண்டும். கந்தல் அழகாகக் கிழிந்திருக்க வேண்டும். கண்ணீர் இருக்கலாம், சளி இருக்கக் கூடாது. வானத்தைப் பார்க்கலாம், வாங்கப் போகிறவரை நேராகப் பார்க்கக் கூடாது. ஜெபம் செய்தால் விசேஷம். டி குரூவின் ஏழைகளுக்கு இந்த நாகரிகம் போதவில்லை. அவர் 1870-இல் செத்தார். நாற்பத்தைந்து வயதுகூட முடியவில்லை. அவரை விடாமல் நினைத்துக்கொண்டிருந்த ஒருவர் வின்சென்ட் வான் கோ. 1885-இல் உருளைக்கிழங்கு தின்னும் குடும்பத்தை அவர் வரைந்த நாட்களில் டி குரூவின் பெயரைக் கடிதங்களில் எழுதுகிறார். ஏழையை வரைந்தவரை நினைவு வைத்திருந்ததும் இன்னொரு ஏழைதான்.

சட்டகத்துக்குள் இருக்கும் ஏழைக்கும் வெளியே இருக்கும் ஏழைக்கும் உள்ள வித்தியாசத்தைத் துல்லியமாக அளக்க ஒரு வருடம் போதும்: 1886. அந்த வருடம் கலைக் கண்காட்சியான பாரிஸ் சலோனில் பெல்ஜியச் சிற்பி கோன்ஸ்டான்டின் மெனியேவின் சம்மட்டித் தொழிலாளி சிலை நின்றது. உலைக்களத்து ஆள், தோல் கவசத்தோடு, களைத்த உடம்பும் கம்பீரமுமாக. உழைப்புக்கு இப்படி ஓர் உருவமா என்று பாராட்டினார்கள். அதே வருடம் மார்ச்சில் பெல்ஜியத்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ரூ என்ற ஊரில் படை சுட்டது. தொழிலாளர்கள் பிணமாக விழுந்தார்கள். சிலை நின்றது, நின்றதற்காகப் பாராட்டினார்கள். ஆள் நடந்தான், நடந்ததற்காகச் சுட்டார்கள். தொழிலாளிக்கு வாழத் தெரியவில்லை. அசையாமல் நின்றிருந்தால் மாலை விழுந்திருக்கும்.

அப்புறமாவது பெல்ஜியம் திருந்தியதா? திருந்தியது. 1891-இல் புதுச் சட்டம் போட்டது. வீடற்றவரைக் கிடங்கில் அடைக்கும் காலத்தை இரண்டு வருடம் முதல் ஏழு வருடம் வரை என்று நீட்டியது. எண்பது வருடம் கழித்தும் அது நடைமுறையில் இருந்தது. வீடில்லை, வேலையில்லை, ஏதாவது செய்யுங்கள் என்று தாங்களாகவே போலீஸிடம் போன மூன்று பேரை அடைத்துவைத்த வழக்கு ஸ்ட்ராஸ்பூர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போயிற்று. 1971-இல் தீர்ப்பு. அடைத்தது தவறில்லை; ஆனால் அடைக்கப்பட்டவர்கள் அதை எதிர்த்து நீதிமன்றம் போக வழி வைக்காதது தவறு என்றார்கள். உதவி கேட்டுப் போனவனை உள்ளே தள்ளலாம், முறையீட்டுப் படிவம் மட்டும் கையில் கொடுத்துவிட வேண்டும். இருபதாம் நூற்றாண்டில் மூடுவண்டிக்கு ஒரு ஜன்னல் வைத்தார்கள், அவ்வளவுதான். அந்தச் சட்டம் 1993-இல்தான் செத்தது.

ஏழைகளைக் குடியேற்றி வேலை வாங்க 1822-இல் தொடங்கி, பின்னால் அலைந்து திரிகிறவர்களை அடைக்கும் இடமாகிவிட்ட வோர்ட்டல் என்ற காலனி பெல்ஜியத்தில் இருக்கிறது. மரம் வரிசையாக நிற்கும் நேரான பாதைகள். 2021-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஏழையை அடைத்த வேலிக்குள் இன்று காசு உள்ளவர்கள் காற்று வாங்கப் போகிறார்கள். நெதர்லாந்தில் உள்ள மற்ற மூன்று இடங்களோடு சேர்த்து அதற்கு யுனெஸ்கோ பட்டியலில் உள்ள பெயர் 'கருணைக் காலனிகள்'. நான் வைத்த பெயர் இல்லை. இந்த மாதிரிப் பெயர் வைக்க அங்கதக்காரனுக்குத் தைரியம் வராது.

அந்தப் பிள்ளைக்காரிக்கு வருவோம். இன்று அவளுக்கு ஒரு குறையும் இல்லை. ஓர்ஸே அருங்காட்சியகம் பழைய ரயில் நிலையம். குளிருக்கு வெதுவெதுப்பு உண்டு, வெயிலுக்குக் குளிர்ச்சி உண்டு, ராத்திரிக்குக் காவல் உண்டு. அவள் முகத்தில் ஒரு கீறல் விழுந்தால் நிபுணர்கள் ஓடி வருவார்கள். அன்று அவளைப் பார்க்கக் கூடாது என்று வண்டியை மூடினார்கள். இன்று அவளைப் பார்க்கச் சீட்டு வாங்க வேண்டும். சாயமாகவும் எண்ணெயாகவும் ஆகிவிட்ட பிறகு ஏழைக்குக் கிடைக்கும் மரியாதையில், உயிரோடு இருந்தபோது ஒரு வேளைப் பால் அளவு கிடைத்திருந்தால் ஸ்டீவன்ஸுக்கு இந்தப் படத்தை வரைய வேலையே இருந்திருக்காது.

பாரிஸ் போகிறவர்கள் அவள் முன்னால் நின்றால் தயவுசெய்து இரக்கப்படாதீர்கள். இரக்கத்தைப் பேரரசர் ஏற்கெனவே செய்து முடித்துவிட்டார். சுவரொட்டிகளைப் படியுங்கள், சிப்பாயின் கையைப் பாருங்கள், பிறகு வெளியே வந்து ஆற்றங்கரையில் யாராவது அட்டைப் பெட்டியை விரித்துப் படுத்திருந்தால் அவர் பக்கம் முகத்தைத் திருப்புங்கள்.

படத்தைப் பேரரசர் பார்த்தது 1855-இல். வண்டிக்கு உத்தரவு போட ஒரு பார்வை போதுமாக இருந்தது. அலைந்து திரிவது குற்றம் என்ற வரியைப் பிரெஞ்சுச் சட்டப் புத்தகத்திலிருந்து எடுத்தது புதிய குற்றவியல் சட்டம். அது நடைமுறைக்கு வந்த நாள் 1994 மார்ச் 1. நூற்று முப்பத்தொன்பது வருடம்.